ஒப்பந்தம் என்னும் ஒரு சொல்

பி.எஸ்ஸி., இரண்டாம் ஆண்டு, இயற்பியல்

2024 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசி. நான் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்திருந்த சமயம். துறைமுகத் தொழிலாளர்களுக்குப் புதிய ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது என்று செய்தித்தாளில் வந்திருந்தது. அதை நான் உரக்கப் படித்தேன். அடுப்படியிலிருந்த அம்மா எட்டிப் பார்த்து, “என்னங்க, நமக்கும் சேர்த்துத்தானா?” என்று அப்பாவைக் கேட்டார்கள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே, “அது பர்மனெண்ட் ஆளுங்களுக்கு. நாம காண்டிராக்ட்” என்று சொல்லிவிட்டு இரவு ஷிப்டுக்குப் புறப்பட்டார்.

என் தந்தை கப்பலின் மேல்தளத்தில் கண்டெய்னர் பெட்டிகளை இரும்புக் கம்பிகளால் இறுக்கிக் கட்டும் லாஷிங் வேலை செய்கிறார், ஓர் ஒப்பந்ததாரரிடம். என் தாத்தாவும் துறைமுகத்தில்தான் உழைத்தவர். மூட்டை தூக்கியவர். ஆனால் அவர் பதிவு பெற்ற தொழிலாளி. ஒரே கடல், ஒரே கப்பல், ஒரே குடும்பம். தாத்தாவுக்கு இருந்த உறுதி அப்பாவுக்கு இல்லாமல் போனது எப்படி? இந்தக் கேள்வியே என்னை இந்தக் கட்டுரைக்குக் கொண்டுவந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இயற்பியல் மாணவனுக்குத் தொழிற்சட்டத்தில் என்ன வேலை என்று சில நண்பர்கள் கேலி செய்தார்கள். வீட்டில் எழுந்த கேள்விக்கு விடை தேடாத படிப்பு என்ன படிப்பு என்பதே என் பதில்.

ஒரு சொல், இரு பொருள்

தமிழில் ‘ஒப்பந்தம்’ என்ற சொல் தொழில் உலகில் இரண்டு இடங்களில் வழங்குகிறது. தொழிற்சங்கமும் நிர்வாகமும் பேசி முடித்துக் கையொப்பமிடும் ஏடு ஊதிய ஒப்பந்தம். நிரந்தரமற்று, இடையில் ஒருவர் மூலமாக வேலைக்கு அமர்த்தப்படுபவர் ஒப்பந்தத் தொழிலாளி. முதல் ஒப்பந்தம் பாதுகாப்பைக் குறிக்கிறது. இரண்டாவது ஒப்பந்தம் அந்தப் பாதுகாப்பு இல்லாமையைக் குறிக்கிறது. சொல் ஒன்றுதான், அதன் கீழ் வாழும் வாழ்க்கை இரண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிந்தால் துறைமுகத்திலும் இரயில்வேயிலும் நடக்கும் பேச்சுவார்த்தைகளின் உட்பொருள் நன்கு விளங்கும்.

பேச்சுவார்த்தை நடக்கும் முறை

செய்தித்தாளில் நாம் காண்பது பெரும்பாலும் முடிவை மட்டுமே. ‘வேலைநிறுத்தம் வாபஸ்’ என்றோ ‘ஒப்பந்தம் கையெழுத்து’ என்றோ நான்கு வரிகள் வரும். அந்த நான்கு வரிகளுக்குப் பின்னால் ஒரு நீண்ட பாதை இருக்கிறது.

முதலில் சங்கங்கள் கோரிக்கைப் பட்டியல் ஒன்றைத் தயாரித்து நிர்வாகத்திடம் கொடுக்கின்றன. அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, விடுப்பு, மருத்துவம், ஆள் எண்ணிக்கை முதலிய யாவும் அதில் இடம்பெறும். இரு தரப்பும் உட்கார்ந்து பேசுகின்றன. இதற்கு இருதரப்புப் பேச்சு என்று பெயர். இதில் உடன்பாடு காணாவிட்டால் அரசின் சமரச அதிகாரி நடுவில் வருகிறார். அதுவும் பலிக்காவிட்டால் விவகாரம் தீர்ப்பாயத்துக்குப் போகும், அல்லது சங்கம் முன்னறிவிப்புக் கொடுத்து வேலைநிறுத்தத்தில் இறங்கும்.

நெடுங்காலம் இவற்றை ஆண்டுவந்தது 1947 ஆம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டம். அதன் இடத்தில் 2020 இல் இயற்றப்பட்ட தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தில் ஒரு நுட்பமான பாகுபாடு இருந்தது. இரு தரப்பும் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தம் கையொப்பமிட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். ஆனால் சமரச அதிகாரியின் முன்னிலையில் செய்துகொள்ளும் ஒப்பந்தம் அந்த நிறுவனத்தின் தொழிலாளர் அனைவரையும், சங்கத்தில் சேராதவரையும், நாளை வேலையில் சேரப்போகிறவரையுங்கூடக் கட்டுப்படுத்தும்.

இன்னும் பிறக்காத வேலைக்காரனுக்கும் சேர்த்துப் பேசும் வல்லமை ஓர் ஒப்பந்தத்துக்கு உண்டு என்பது எவ்வளவு பெரிய செய்தி! ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அவர் ‘அந்த நிறுவனத்தின் தொழிலாளி’யாக இருக்கவேண்டும். ஒப்பந்ததாரரின் ஆளாக அதே தளத்தில் நின்றால் அந்தக் குடை அவர் தலைக்கு மேல் விரியாது. அப்பா சொன்ன ஒரு வரிப் பதிலின் விளக்கம் இதுதான்.

துறைமுகத்தில் 2024 ஆம் ஆண்டு

நம் நாட்டின் பெருந்துறைமுகங்களில் ஊதிய ஒப்பந்தம் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனித்தனியாக அல்லாமல் தேசிய அளவில் பேசி முடிக்கப்படுகிறது. ஒருபுறம் துறைமுக நிர்வாகங்களின் சார்பில் இந்தியத் துறைமுகச் சங்கம். மறுபுறம் ஆறு தொழிலாளர் சம்மேளனங்கள். பழைய ஒப்பந்தம் 2021 டிசம்பர் 31 உடன் முடிவுற்றது. அதற்கு முன்பே, 2021 மார்ச்சில், இருதரப்பு ஊதியப் பேச்சுவார்த்தைக் குழு அமைக்கப்பட்டிருந்தது. ஆனால் பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. 2024 ஆகஸ்ட் 28 முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று சம்மேளனங்கள் அறிவித்தன. அதற்கு முந்தைய நாள், ஆகஸ்ட் 27 அன்று, புரிந்துணர்வு ஏடு கையெழுத்தாயிற்று. செப்டம்பர் 27 அன்று முழு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 2021 டிசம்பர் 31 அன்றிருந்த அடிப்படைச் சம்பளத்தையும் 30 விழுக்காடு பஞ்சப்படியையும் கணக்கிற்கொண்டு 8.5 விழுக்காடு உயர்வு தரப்பட்டது. ஒப்பந்தக் காலம் 2022 ஜனவரி 1 முதல் 2026 டிசம்பர் 31 வரை ஐந்து ஆண்டுகள். பயன்பெற்றோர் ஏறத்தாழ 20,000 பேர்.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, புதிய சம்பளம் தொடங்கவேண்டிய நாளுக்கும் உடன்பாடு ஏற்பட்ட நாளுக்கும் இடையே ஏறத்தாழ 32 மாதங்கள் கடந்தன. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் பாதிக்கு மேல் பேச்சிலேயே கழிந்துவிட்டது. எனினும் முன்தேதியிட்டுக் கணக்கிடுவதால் தொழிலாளிக்கு அந்த மாதங்கள் வீணாகவில்லை. இரண்டாவது பாடம், வேலைநிறுத்தம் நடக்கவில்லை, ஆனால் அதன் நாள் குறிக்கப்பட்டிருந்தது. பேச்சுவார்த்தை மேசையில் காலியாக இருக்கும் ஒரு நாற்காலியில் வேலைநிறுத்தம் எப்போதும் உட்கார்ந்திருக்கிறது எனலாம்.

இரயில்வேயின் பாதை வேறு

சரக்கு கப்பலிலிருந்து இறங்கியதும் வாகன்களில் ஏறுகிறது. துறைமுகத்தையும் இரயில்வேயையும் இணைப்பது தண்டவாளம். ஆனால் பேசும் முறை இரண்டிலும் ஒன்றன்று.

இரயில்வே ஊழியர் மத்திய அரசு ஊழியர். அவர்களின் சம்பளத்தை ஊதியக் குழுவின் பரிந்துரையைக் கொண்டு அரசே முடிவு செய்கிறது. அன்றாடக் குறைகளைப் பேச 1952 ஜனவரி 1 முதல் நிரந்தரப் பேச்சுவார்த்தை அமைப்பு இயங்குகிறது. இதற்கு மேல் 1966 இல் கூட்டு ஆலோசனை அமைப்பு ஏற்பட்டது. அதில் உடன்பாடு காணாத சம்பளம், வேலைநேரம், விடுப்பு ஆகிய விஷயங்களை நடுவர் தீர்ப்புக்கு அனுப்பலாம்.

இத்தனை அமைப்பு இருந்தும் 1974 இல் பேச்சு முறிந்தது. போனஸ், எட்டு மணிநேர வேலை, பஞ்சப்படி முதலிய கோரிக்கைகளுடன் ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் இரயில்வே தொழிலாளர் ஒன்று திரண்டனர். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதே மே 2 அதிகாலையில் அவர் கைது செய்யப்பட்டார். மே 8 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் மே 27 அன்று எந்த உடன்பாடும் இல்லாமல் திரும்பப் பெறப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் கைதாயினர், பலர் வேலை இழந்தனர், குடியிருப்புகளிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன.

அது தோல்வி என்றுதான் அன்று எழுதப்பட்டது. ஆனால் வேலை நீக்கப்பட்டோர் 1977 இல் ஆட்சி மாறியதும் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். உற்பத்தித்திறனுடன் இணைந்த போனஸ் 1979 இல் இரயில்வேக்கு வந்தது. 1989 டிசம்பரில் அதே ஜார்ஜ் பெர்னாண்டஸ் இரயில்வே அமைச்சரானார். ஒரு கோரிக்கை மேசையில் தோற்றாலும் செத்துவிடுவதில்லை. சில ஆண்டுகள் கழித்து வேறொரு மேசைக்கு வந்து சேர்கிறது.

இயந்திரம் வந்தபோது

சம்பள உயர்வு பற்றிய பேச்சைவிடக் கடினமான பேச்சு ஒன்றுண்டு. வேலையையே குறைக்கும் இயந்திரம் வரும்போது என்ன செய்வது என்பதே அது. இதற்கு உலகில் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு அமெரிக்காவின் மேற்குக் கடற்கரை.

அங்கே 1934 க்கு முன் ஒவ்வொரு காலையும் தொழிலாளர் துறைமுக வாசலில் கூடி நிற்பர். மேஸ்திரி விரல் நீட்டியவருக்கு வேலை, மற்றவருக்குப் பட்டினி. அவ்வாண்டு 83 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. ஜூலை 5 அன்று சான் பிரான்சிஸ்கோவில் காவல்துறை சுட்டதில் இருவர் மாண்டனர். முடிவில் நடுவர் தீர்ப்பின்படி, வேலைக்கு ஆள் அனுப்பும் கூடம் ஏற்பட்டது. குறைந்த மணிநேரம் வேலை செய்தவரே முதலில் அனுப்பப்படுவார் என்ற முறை அங்கே வேரூன்றியது. மேஸ்திரியின் விரல் போய்ப் பதிவேடு வந்தது.

பிறகு வந்தது கண்டெய்னர். 1956 ஏப்ரல் 26 அன்று ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் நியூ ஜெர்சியிலிருந்து 58 பெட்டிகளுடன் ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. உதிரிச் சரக்கைக் கப்பலில் ஏற்ற டன்னுக்கு 5 டாலர் 86 சென்ட் ஆகிய காலம் அது. பெட்டி முறையில் 16 சென்ட்டுக்கும் குறைவு என்று கணக்கிடப்பட்டது. வகுத்துப் பார்த்தால் 36 மடங்குக்கு மேல் மலிவு! இந்தக் கணக்கின் எதிரே மூட்டை தூக்குபவனின் தோள் என்ன செய்யும்?

ஹாரி பிரிட்ஜஸ் தலைமையிலான மேற்குக் கடற்கரைச் சங்கம் இயந்திரத்தைத் தடுக்கவில்லை; அதன் இலாபத்தில் பங்கு கேட்டது. 1960 அக்டோபரில் கையெழுத்தான இயந்திரமயமாக்கல் ஒப்பந்தத்தின்படி நிர்வாகம் ஆண்டுக்கு 50 இலட்சம் டாலர் நிதிக்குச் செலுத்த ஒப்புக்கொண்டது. முழுப் பதிவு பெற்றவர் யாரும் இயந்திரத்தால் வேலை நீக்கப்படமாட்டார். 25 ஆண்டு உழைத்து 65 வயதில் ஓய்வு பெறுபவருக்கு 7,920 டாலர் கிடைக்கும். பதிலுக்கு, விரும்பிய இயந்திரத்தைக் கொண்டுவரவும் ஆள் குறைக்கவும் நிர்வாகத்துக்கு உரிமை கிடைத்தது.

இதனை மாபெரும் ஒப்பந்தம் என்று புகழ்ந்தவர் பலர். ஆனால் ஒரு சொற்றொடரை மீண்டும் படியுங்கள், ‘முழுப் பதிவு பெற்றவர்’. அதே கப்பலில் அவர்களோடு உழைத்த இரண்டாம் வகுப்புப் பதிவாளருக்கும் தற்காலிக ஆட்களுக்கும் அந்த உறுதி இல்லை. அதிருப்தி வளர்ந்து 1971 இல் 134 நாள் வேலைநிறுத்தமாக வெடித்தது. இன்றும் அந்தக் கேள்வி அங்கே ஓயவில்லை. 2024 அக்டோபர் 1 முதல் 3 வரை கிழக்குக் கடற்கரைத் துறைமுகங்கள் நின்றபோது ஆறாண்டுகளில் 62 விழுக்காடு ஊதிய உயர்வு விரைவில் ஒத்துக்கொள்ளப்பட்டது. தானியங்கி இயந்திரம் பற்றிய பேச்சு மட்டும் 2025 ஜனவரி வரை நீண்டது.

வாசலில் நின்றவர் பதிவேட்டில் ஏறிய கதை

நம் நாட்டிலும் ஒரு காலத்தில் துறைமுகத் தொழிலாளி வாசலில் நின்றவனே. கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் இல்லை. இதை முறைப்படுத்தவேண்டும் என்று 1931 லேயே தொழிலாளர் பற்றிய இராயல் கமிஷன் பரிந்துரைத்தது. சுதந்திரத்துக்குப் பின் 1948 இல் கப்பல்துறைத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. அதன்கீழ் பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய இடங்களில் 1950 களின் தொடக்கத்தில் தொழிலாளர் வாரியங்கள் அமைந்தன. தொழிலாளர் பெயர்கள் பதிவேட்டில் ஏறின. முறைவைத்து வேலைக்கு அனுப்பினார்கள். வேலை இல்லாத நாளிலும் வந்து நின்றதற்கு ஒரு படி, மாதத்துக்கு இத்தனை நாள் கூலி என்ற உத்தரவாதம், பிறகு வைப்பு நிதி, பணிக்கொடை எல்லாம் வந்தன.

என் தாத்தா இப்போது இல்லை. அவருடைய பதிவு அட்டை எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கிறது. “எம் பேரு சர்க்கார் புஸ்தகத்துல ஏறின அன்னிக்குத்தான்டா எனக்குப் பொண்ணு குடுத்தாங்க” என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இன்று அதுவே தொழிற்சட்டத்தின் சாரம் என்று தோன்றுகிறது.

நாம் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. தாத்தாவும் முதலில் நிரந்தரத் தொழிலாளி அல்லர். அவர்கள் பல முதலாளிகளிடம் நாள்கூலிக்கு மாறி மாறி வேலை செய்த உதிரி ஆட்களே. ‘இவர்களுக்கு ஒரு முதலாளி இல்லை, எனவே உத்தரவாதம் தர இயலாது’ என்று கையை விரித்துவிடவில்லை. பல முதலாளிகளுக்கும் பொதுவாக ஒரு வாரியத்தை ஏற்படுத்தி வழி கண்டார்கள்.

காலம் மாறிற்று. மூட்டை போய்ப் பெட்டி வந்தது. கண்டெய்னர் முனையங்கள் தனியாரிடம் சென்றன. 1997 இல் வந்த ஒரு சட்டம், பெருந்துறைமுகங்களில் 1948 ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என ஆக்க வழி செய்தது. வாரியங்கள் துறைமுக நிர்வாகங்களுடன் இணைந்தன. ஏற்கெனவே பதிவேட்டில் இருந்தவருக்குப் பாதுகாப்பு தொடர்ந்தது. பின்னால் வந்த புதிய ஆட்களுக்குப் பதிவேடே இல்லாமல் போயிற்று.

இன்றைய நிலை

ஒப்பந்தத் தொழிலாளருக்குச் சட்டமே இல்லை என்று சொல்வது சரியன்று. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1970 ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின்படி ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை நிறுவனமே தரவேண்டியிருந்தது. ஆனால் ஒப்பந்த முறை ஒரு வேலையில் தடை செய்யப்பட்டால், அந்த ஆட்கள் தாமாகவே முதன்மை நிறுவனத்தின் நிரந்தரத் தொழிலாளர் ஆகிவிடமாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் 2001 ஆகஸ்ட் 30 அன்று தீர்ப்பளித்தது.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு, ஒரு நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்துவதைத் தடுக்கிறது. ஏற்றி இறக்குதலைப் பொதுவாக அது மையப் பணியாகக் கொள்ளவில்லை. ஆனால் அந்த வேலைக்காகவே ஏற்பட்ட நிறுவனமானால் அது மையப் பணியாகும். துறைமுகம் எதற்காக இருக்கிறது? ஏற்றவும் இறக்கவுமே அன்றோ! எனினும் வழக்கமாக ஒப்பந்ததாரர் மூலம் நடந்துவரும் வேலைக்கு விலக்கும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஒரு கையால் திறந்த கதவை மறு கை பாதி சாத்தி வைத்திருக்கிறது. அதை முழுதும் திறப்பதா மூடுவதா என்பது இனி நடக்கும் பேச்சுவார்த்தைகளையும் வழக்குகளையும் பொறுத்தது.

முடிவாக

நண்பர்களே, ஓர் ஒப்பந்தத்தைப் பற்றிப் படிக்கும்போது எத்தனை விழுக்காடு உயர்வு என்பதையே நாம் முதலில் பார்க்கிறோம். அதற்கு முன் வேறொன்றைப் பார்க்கவேண்டும் என்பதே நான் கற்றுக்கொண்டது. அந்த ஒப்பந்தம் ‘தொழிலாளர்’ என்று யாரைச் சொல்கிறது? விழுக்காடு அடுத்த ஐந்தாண்டில் மாறிவிடும். யார் உள்ளே, யார் வெளியே என்ற கோடு தலைமுறைகளைத் தாண்டி நிற்கும். எங்கள் வீட்டில் அந்தக் கோடு தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் நடுவே ஓடுகிறது.

கோடு மனிதர் போட்டது. மாற்றி வரையவும் முடியும். வாசலில் நின்ற உதிரித் தொழிலாளியைப் பதிவேட்டில் ஏற்ற முடியாது என்று 1931 இல் சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். அடுத்த கால் நூற்றாண்டுக்குள் அது நடந்தது. நிரந்தரத் தொழிலாளரின் சங்கங்கள் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் ஒரு பொதுப் பதிவேடு கேட்டால், அது புதுமை அன்று. நம் துறைமுகங்கள் ஏற்கெனவே கண்ட வழியே.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். பிறகு, “இதுல நீ எழுதியிருக்கிற அந்த முன்னறிவிப்பு, சமரச அதிகாரி, அதையெல்லாம் ஒரு தாளில தனியா எழுதிக் குடு. எங்க கேங்குல படிச்சுக் காட்டணும்” என்றார். எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனார்.